புல்வெளியில மரம் நடாதீங்க, ப்ளீஸ்

கொடைக்கானல் பக்கம் மலைப் புல்வெளிய மீட்குற ஒரு சின்ன அமைப்புல பல வருஷமா வேலை பாக்குறேன், வெளியூர்லேர்ந்து வர்றவங்கள மலை மேல நடக்கக் கூட்டிட்டுப் போறதும் என் வேலைதான். வர்றவங்கள்ல பாதிப்பேர் கேக்குற மொத கேள்வியே "ஏங்க இந்த இடம் மட்டும் மொட்டையா கிடக்கு, மரம் வெக்கலாம்ல?"ங்கறதுதான். போன மழைக்காலத்துல ஒரு குரூப் மூட்டை நிறைய விதைப்பந்தோட வந்துட்டாங்க. நல்ல மனசோட வந்தவங்களத் தடுக்க எனக்கும் சங்கடமாத்தான் இருந்துச்சு, ஆனாலும் தூவ விடல.

அது மொட்டை இடம் இல்லங்க. நம்ம மலை உச்சில பள்ளத்துல சோலைக்காடு, மேட்டுல புல்லு, இது ரெண்டும் பல ஆயிரம் வருஷமா சேர்ந்தே இருக்கு. வரையாடு மேயுறதும் குறிஞ்சி பூக்குறதும் அந்தப் புல்லுலதான். அவங்கள உக்கார வெச்சு, புல்லுத் தூருக்குள்ள கைய விட்டுப் பாருங்கன்னேன். மழை விட்டு நாலு நாள் ஆகியிருந்துச்சு, வெளிய எடுத்த விரல்ல கறுப்பு மண்ணு ஈரமா ஒட்டியிருந்துச்சு, ஒரு பாப்பா அதை மோந்தே பாத்துச்சு. அந்த ஈரம் கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு ஓடையாகித்தான் மஞ்சளாறு, மருதாநதின்னு கீழ இறங்குது.

இந்தப் புல்லு மேலதான் ஒரு காலத்துல ஆஸ்திரேலியாவோட வாட்டில் மரத்தையும் தைலமரத்தையும் பைன் மரத்தையும் நட்டாங்க, வாட்டில் பட்டை தோல் பதனிட ஆகும்னு. 1973-லேர்ந்து 2014 வரைக்குமான சாட்டிலைட் படத்த வெச்சுப் பாத்தா கொடைக்கானல் இருக்குற இந்தப் பழனி மலைத்தொடர்ல மூணுல ரெண்டு பங்கு புல்வெளி போயிருச்சு. இத மொத தடவ படிச்சப்போ ரொம்ப நேரம் அப்படியே உக்காந்துட்டேன்.

வாட்டில் விதை மண்ணுக்குள்ள பல வருஷம் உசுரோட கிடக்கும், தீப்பிடிச்சா இன்னும் ஜாஸ்தியா முளைக்கும். அதனால மழை பேஞ்சு மண்ணு எளகுனதும் முழங்கால் உயரக் கன்னா இருக்கப்பவே வேரோட புடுங்கிறணும், வெட்டி மட்டும் விட்டா மறுபடி துளுத்துரும். அதுக்காக பழைய தோப்பெல்லாம் ஒரேயடியா வெட்டித் தள்ளுங்கன்னு சொல்லல, பல தோப்புக்கு அடியில சோலைக் கன்னுங்க நிழல்ல மெதுவா எழும்பி வருது, வெட்டுனா அதுவும் சேந்து போயிரும். என்னைக் கேட்டா, மிச்சம் இருக்குற புல்வெளியக் காப்பாத்துறதுதான் மொத வேலை.

மலைக்கு வர்றீங்கன்னா ஆசை தீர நடங்க, பாக்காம யாருக்கும் ஒரு இடத்து மேல பாசம் வராது. ஆனா ஏற்கனவே இருக்குற ஒத்தயடிப் பாதையிலயே நடங்க, ஜீப்ப புல்லு மேல ஏத்தாதீங்க, ஒரு தடவ டயர் பதிஞ்ச தடத்துல அடுத்த மழைக்குத் தண்ணி அறுத்துக்கிட்டு ஓடும்.

அந்த விதைப்பந்து குரூப் மூட்டையக் கட்டி வண்டில போட்டுட்டு மத்தியானம் வரைக்கும் எங்களோட வாட்டில் கன்னு புடுங்குனாங்க. அந்தப் பாப்பா மட்டும் இருபத்தி மூணு கன்னு. அதுங்களுக்கு நடுவுல நின்ன குறிஞ்சிச் செடி ஒண்ணையும் கண்டுபுடிச்சு, இது எப்ப பூக்கும்னு கேட்டுச்சு. 2018-ல பூத்துச்சு, அடுத்து 2030-லன்னேன்.