பியோனி: பெயரும் பொருளும்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் வாழும் தமிழர், பியோனியைச் செடியாகப் பார்ப்பதற்கு முன்பே படமாகவும் மருந்தாகவும் பார்த்துவிடுகின்றனர். சீனப் புத்தாண்டு நெருங்கும்போது கடைவாசல்களில் தொங்கும் சிவப்புத் தாள்களில் இதழ்மேல் இதழாக விரிந்திருக்கும் பெரிய பூ அதுதான். சீன மருந்துக்கடையில் மெல்லிய வெள்ளை வில்லைகளாகச் சீவி விற்கப்படும் ‘பாய் ஷாவ்’ என்னும் வேரும் அதே குலத்தின் மற்றோர் இனத்திலிருந்து கிடைப்பதே. பூவை ரசிப்பவரும் வேரை வாங்குபவரும் இரண்டையும் ஒன்றுபடுத்திப் பார்க்காததற்குக் காரணம் பெயர்கள் வேறாக இருப்பதுதான்.

‘பியோனி’ ஆங்கிலத்தின் வழியாக நமக்கு வந்த சொல். அதன் மூலச்சொல் கிரேக்கத்துப் ‘பையோனியா’. ஹோமரின் காவியத்தில் காயமுற்ற தேவர்களுக்கு மருந்திட்டு ஆற்றும் தேவ மருத்துவர் பையோன் என்பவரின் பெயரால் அது வழங்கிற்று. பூவின் அழகைக் காட்டிலும் வேரின் மருத்துவக் குணமே பெயருக்கு அடிப்படை என்பது இதனால் விளங்கும். 1753-இல் தாவரங்களுக்கு அறிவியற்பெயரிட்ட லின்னேயசு அப்பெயரையே குலப்பெயராக நிலைநிறுத்தினார். 1776-இல் பல்லாசு என்பவர் ஓர் இனத்துக்கு ‘லாக்டிஃப்ளோரா’, அதாவது பால்நிறப் பூவுடையது, எனப் பெயரிட்டார். மருந்துக்கடையின் வெள்ளை வேர் இவ்வினத்துக்குரியது.

சீனர் ஒரே குலத்துக்கு இரு பெயர்களை வைத்துள்ளனர். தண்டு முதிர்ந்து கட்டையாகும் வகை ‘மூதான்’; ஆண்டுதோறும் தரைக்கு மேற்பட்ட பகுதி மடிந்து, வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும் வகை ‘ஷாவ்யாவ்’. பின்னதன் பெயரிலுள்ள ‘யாவ்’ என்பதற்கு மருந்து என்றே பொருள். 16ஆம் நூற்றாண்டு மருத்துவ அறிஞர் லீ ஷிச்சென், மூதானில் செந்நிறமே சிறந்ததாகக் கருதப்பட்டதால் ‘தான்’ என்றும், விதை உண்டாயினும் வேரிலிருந்தே கன்று தழைப்பதால் ஆண் எனப் பொருள்படும் ‘மூ’ என்றும் விளக்கம் தந்தார்.

இவற்றுக்குத் தமிழில் என்ன சொல்வது? ‘சீன ரோஜா’ எனச் சிலர் எழுதுவது பெரும் பிழை. ஏனெனில் செம்பருத்தியின் அறிவியற்பெயரில் வரும் ‘ரோசா சைனென்சிசு’ என்பதன் நேர்ப்பொருளே சீன ரோஜா. 1960-இல் மலாயாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்டு, இன்று மலேசியாவின் தேசிய மலராக விளங்கும் பூவின் பெயரை வேறொன்றுக்குச் சூட்டினால் குழப்பமே மிஞ்சும். ரப்பரைப் பால்மரம் என்றும், எண்ணெய்ப்பனையைச் செம்பனை என்றும் அழைத்தவர்கள் நம்மவர். அம்மரங்களோடு நாள்தோறும் பழகிய வாழ்விலிருந்து அப்பெயர்கள் பிறந்தன. நம் மண்ணில் வேரூன்றாத பியோனிக்கு அத்தகைய பெயர் இயல்பாகப் பிறக்க வாய்ப்பில்லை. ஆதலால் ‘பியோனி’ என ஒலிபெயர்த்து வைத்துக்கொள்வதே நேர்மையானது என்பது என் துணிபு.

ஆனால் அதற்கு அடைமொழி தேடி வெளியே செல்ல வேண்டியதில்லை. மூதானை ‘மரப் பியோனி’ என்பது ஆங்கிலத்தின் நிழல். ஆள் உயரத்துக்குமேல் பெரிதும் வளராத அது தமிழ்க் கணக்கில் செடியே. செம்பருத்தியை நாம் மரம் என்பதில்லை. எனவே அது செடிப் பியோனி. மற்றது, புல் பூண்டு என்னும் பழைய வழக்கின்படி, பூண்டுப் பியோனி. (சமையற்கட்டு வெள்ளைப்பூண்டு நினைவுக்கு வந்தால் தவறில்லை, தழை காய்ந்தும் நிலத்தடியில் உயிர் காக்கும் இயல்பு இரண்டுக்கும் பொது.) இதழ் மிகுந்த வகையை அடுக்குமல்லி, அடுக்கு நந்தியாவட்டை போல அடுக்குப் பியோனி எனலாம்.

வளர்ப்பில் முதன்மையான சொல் ‘முளைக்கண்’. பூண்டுப் பியோனியின் வேர்க்கிழங்கில் சிவந்து புடைத்திருக்கும் முளைகளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயரில்லை. குளிர்நாட்டார் இலையுதிர் காலத்தில், வெயில் நன்கு படும் வடிகாலுள்ள இடத்தில், முளைக்கண்ணுக்குமேல் 5 சென்டிமீட்டருக்கு மிகாமல் மண் மூடுமாறு நடுகின்றனர். ஆழம் மிகுந்தால் இலை தழைக்கும், பூ வராது. நன்கு பூக்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். பிறகு ஐம்பது ஆண்டுகளுக்கு மேலும் அதே இடத்தில் பூக்கும். மொட்டில் எறும்பு ஏறுவது அங்கே ஊறும் தேனுக்காகவே. அவற்றை மருந்தடித்து விரட்டத் தேவையில்லை. சாம்பல் பூசணம் தொற்றிய தண்டுகளை மட்டும் வெட்டி அகற்ற வேண்டும்.

பூ மலர அம்முளைக்கண் பல வாரங்கள் கடுங்குளிரில் உறங்கியாக வேண்டும். எங்கள் தாமானில் (குடியிருப்பில்) ஓர் அக்கா இணையத்தில் கிழங்கு வாங்கி, தொட்டியில் வைத்து, குழந்தையைப்போல் பார்த்துக்கொண்டார். சில இலைகள் வந்தன, அடுத்த மழைக்காலத்தில் கிழங்கு அழுகிப்போனது. அவர் பராமரிப்பில் குறையில்லை. இரவிலும் 20 டிகிரிக்குமேல் நிற்கும் வெப்பத்தில் அக்கண்ணுக்கு உறக்கமே கிடைப்பதில்லை. தேயிலை விளையும் கேமரன் மலையிலும் இரவு வெப்பம் 15 டிகிரியை ஒட்டியே இருப்பதால் அங்கும் போதிய குளிர் இல்லை. அடுக்கடுக்கான இதழழகை வாசலில் காண விரும்புவோர் அடுக்குச் செம்பருத்தியை நடலாம். பியோனியே வேண்டுமெனில் கொய்மலராக, மொட்டு சற்று இளகிய நிலையில் வாங்கி, தண்டின் அடியைச் சாய்வாக வெட்டி, குளிர்ந்த நீரில் வைத்து, நாள்தோறும் நீரை மாற்றலாம்.

எழுதும்போது பியோனிப்பூ, பியோனிக் கிழங்கு என வல்லினம் மிகும்.