வேறுபாடுகளின் வேறுபாடு

இரத்த அழுத்த மருந்து ஒன்றைச் சோதிப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். ஆண்களிடம் அழுத்தம் சராசரியாக 8 அலகு குறைகிறது. பி மதிப்பு, அதாவது மருந்துக்குப் பலனே இல்லையென்றாலும் இவ்வளவு அல்லது இன்னும் பெரிய மாற்றம் தற்செயலாகத் தென்படும் வாய்ப்பு, வழக்கமான வரம்பான 0.05-க்கு வெகு கீழே. பெண்களிடம் 4 அலகு. பி மதிப்பு 0.11. "ஆண்களுக்குப் பலன் உண்டு, பெண்களுக்கு இல்லை" என்று எழுதக் கை துறுதுறுக்கும். எழுதினால் தவறு.

1988-இல் வெளியான ஐசிஸ்-2 ஆய்வில் மாரடைப்பு என்று ஐயுறப்பட்ட 17,187 நோயாளிகள் இருந்தார்கள்; ஆஸ்பிரின் தெளிவாகவே உதவியது. ராசிவாரியாகப் பிரித்தபோது மட்டும் மிதுனம், துலாம் ராசிக்காரர்களுக்குப் பயனில்லாததுபோல் தோன்றியது. இப்படிக் கூறுபோடுவது எவ்வளவு ஆபத்தானது என்று காட்டவே ஆய்வாளர்கள் அதை அச்சிட்டார்கள்.

நம் மருந்துக்கு வருவோம். கேட்க வேண்டியது, 8-க்கும் 4-க்கும் இடையிலான வேறுபாடு தற்செயலா என்பதே. ஒரு காரணியின் விளைவு இன்னொன்றைப் பொறுத்து மாறினால் அது இடைவினை. இரு குழுக்களிலும் திட்டப்பிழை (மதிப்பீடு தற்செயலாக எவ்வளவு விலகக்கூடும் என்பதன் அளவு) 2.5 என்று வையுங்கள். மதிப்பீடுகளைக் கழிக்கலாம், பிழைகள் கழிவதில்லை, அவற்றின் வர்க்கங்கள் சேர்ந்துகொள்கின்றன. வேறுபாடு 4, அதன் திட்டப்பிழை ஏறக்குறைய 3.5, பி மதிப்பு 0.26. இடைவினை புள்ளியியல் முக்கியத்துவம் பெறவில்லை.

உடனே பலரும் எதிர்ப்பக்கம் சறுக்குவார்கள்: "பாலினத்தால் மாற்றமே இல்லை." தரவோடு ஒத்துப்போகும் மதிப்புகளின் வீச்சான 95% நம்பிக்கை இடைவெளியைப் பாருங்கள்: சுமார் −3 முதல் 11 வரை. பெண்களுக்கு 3 அலகு கூடுதலாகவும் குறையலாம், ஆண்களுக்கு 11 அலகு கூடுதலாகவும் குறையலாம். இத்தனை அகலமான இடைவெளியை வைத்துக்கொண்டு "இல்லை" என்று சொல்ல அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

சிக்கலின் வேர் ஆள் எண்ணிக்கையில் இருக்கிறது. இதே ஆய்வில் மருந்தின் சராசரி விளைவுக்குத் திட்டப்பிழை 1.8 மட்டுமே; இடைவினைக்கு அதைப்போல் இரு மடங்கு. ஆகவே சராசரி விளைவின் அளவே உள்ள இடைவினையை அதே உறுதியோடு கண்டுபிடிக்க 4 மடங்கு ஆட்கள் வேண்டும். பாதி அளவுள்ளது என்றால் 16 மடங்கு. சராசரி விளைவை மனத்தில் வைத்துத் திட்டமிட்ட ஆய்வு இதில் கைவிரிப்பது வியப்பில்லை.

அறிக்கையில் என்ன எழுதுவது? திட்டமிட்டுச் சோதித்த இடைவினையை, முடிவு பிடிக்கவில்லை என்பதற்காக மறைக்கக் கூடாது. மதிப்பீடு, இடைவெளி, பி மதிப்பு 0.26 ஆகிய மூன்றையும் தாருங்கள், "0.05-க்கு மேல்" என்று மட்டும் எழுதுவது சோம்பேறித்தனம். "விளைவு பாலினத்தைப் பொறுத்து மாறுகிறதா என்பதை இத்தரவு தீர்மானிக்கவில்லை" என்பதே நேர்மையான வாக்கியம்.

இந்த விளைவுகளைக் கணக்கிடும் புள்ளியியல் மாதிரியிலும் (model) ஒரு பொறி உண்டு. பாலினத்தை 0, 1 எனக் குறியிட்டு இடைவினையையும் சேர்த்திருந்தால், மருந்துக்கு எதிரே தெரியும் எண் சராசரி விளைவான 6 அல்ல. 0 எனக் குறியிட்ட குழுவின் விளைவு மட்டுமே.