கடுக்காய்த் தண்ணீரும் ஆணித் தண்ணீரும்

வேலூர் மாவட்டத்தில் அணைக்கட்டு என்ற ஊர்ப் பக்கம் ஒரு தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு எடுக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். சமையல் சோடாவில் எலுமிச்சைச் சாறு ஊற்றிப் பொங்கவைத்து, "இதுதான் வேதிவினை" என்று சொன்னாராம். ஒரு மாணவி எழுந்து, "கோலி சோடாவைத் திறந்தாலும் இப்படித்தான் பொங்குகிறது, அதுவும் வேதிவினையா டீச்சர்?" என்று கேட்டிருக்கிறாள். சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை, ஆய்வகமும் கிடையாது, என்ன செய்யலாம் என்பது ஆசிரியையின் கேள்வி.

அந்த மாணவியின் கேள்வி மிகக் கூர்மையானது. கோலி சோடாவில் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தால் தண்ணீரில் கரைந்து அடங்கியிருக்கிறது. கோலியைத் தட்டியதும் அழுத்தம் குறைந்து, ஏற்கெனவே உள்ளே இருந்த வாயு வெளியே வருகிறது. ஏறக்குறைய முழுவதும் இயற்பியல் மாற்றம்தான். சமையல் சோடாவிலும் எலுமிச்சைச் சாற்றிலும் வாயுக் குமிழ் எதுவும் ஒளிந்திருக்கவில்லை. அமிலமும் சோடாவும் சந்தித்த பிறகுதான் அந்த வாயு உண்டாகிறது. ஆனால் பார்க்கிற குழந்தைக்கு இரண்டும் ஒரே நுரை! நுரை ஓர் அறிகுறி மட்டுமே. அதை மட்டும் வைத்து வேதிவினை என்று முடிவு கட்ட முடியாது.

நிறமும் அப்படித்தான். மஞ்சள் தூள் கரைத்த நீரில் சோப்புத் தண்ணீர் விட்டால் சிவக்கிறது, எலுமிச்சை பிழிந்தால் மறுபடி மஞ்சளாகிறது. எல்லாப் பள்ளிகளிலும் செய்துகாட்டுவது இது. மஞ்சளில் உள்ள குர்குமின் என்ற பொருள் காரத்தில் தன் ஹைட்ரஜனை இழந்து வேறு நிற ஒளியை உறிஞ்சுகிறது என்பது விளக்கம். நல்ல சோதனைதான். ஆனால் கோலி சோடா கேட்ட அதே மாணவி, "நீல வாட்டர் கலரையும் மஞ்சள் வாட்டர் கலரையும் கலந்தால் பச்சை வருகிறதே?" என்று அடுத்ததாகக் கேட்பாள். அவள் கேட்க வேண்டும். அவளுக்காக நான் பரிந்துரைப்பது கடுக்காய்.

வேலூரில் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கடுக்காய் கிடைக்கும். ஜவ்வாது மலையில் பழங்குடி மக்கள் காட்டில் பொறுக்கிச் சேர்க்கும் பொருள்களில் அதுவும் ஒன்று. கொட்டையை நீக்கி, தோலை இடித்து, வெந்நீரில் ஓர் இரவு ஊறவைத்து வடிகட்டினால் வெளிர் மஞ்சளாக ஒரு நீர் கிடைக்கும். இன்னொரு பக்கம், துத்தநாகப் பூச்சு இல்லாத சாதாரண இரும்பு ஆணிகளை வினிகரில் மூழ்கவிட்டு நான்கைந்து நாள் வைக்க வேண்டும். மூடியை இறுக்கிவிடாதீர்கள், ஹைட்ரஜன் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேற வேண்டும். வினிகரின் அமிலம் பெருமளவு தீர்ந்துபோகும் வரை காத்திருப்பது முக்கியம். காரணம் பின்னால் தெரியும்.

இப்போது கெட்டியான வெள்ளைத் தாள்களில் பாதியைக் கடுக்காய்த் தண்ணீரில் நனைத்து உலர்த்துங்கள். மீதிப் பாதி வெறும் தாளாகவே இருக்கட்டும். குழந்தைகளிடம் ஈர்க்குச்சியைக் கொடுத்து, ஆணித் தண்ணீரைத் தொட்டு இரண்டு தாள்களிலும் அவரவர் பெயரை எழுதச் சொல்லுங்கள். வெறும் தாளில் அரைகுறையாக ஒரு மங்கல் தடம்தான் தெரியும். கடுக்காய்த் தாளில் எழுதிய உடனே எழுத்து சாம்பல் நிறமாகும். பார்த்துக்கொண்டே இருந்தால் நிமிடத்துக்கு நிமிடம் கறுக்கும். மறுநாள் காலையில் அச்சடித்தது போல் இருக்கும்.

கடுக்காயில் டானின் என்ற பொருள்கள் ஏராளம். டானின் மூலக்கூறு பெரியது. அதில் ஆறு கார்பன்கள் கொண்ட வளையங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு வளையத்தின் ஓரத்திலும் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த சிறு குழுக்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு ஆக்சிஜன்கள் நண்டின் கொடுக்கைப் போல ஓர் இரும்பு அயனியை, அதாவது எலக்ட்ரான்களை இழந்த இரும்பு அணுவை, இரு பக்கமும் கவ்விப் பிடிக்கின்றன. ஆணியிலிருந்து வினிகரில் கரையும் இரும்பு இரண்டு எலக்ட்ரான்களை இழந்தது. அதை டானின் கவ்வினாலும் நிறம் அவ்வளவாக வராது. தாளில் பரவிய பிறகு காற்றில் இருக்கும் ஆக்சிஜன் வந்து அந்த இரும்பிலிருந்து மூன்றாவது எலக்ட்ரானையும் பறித்துக்கொள்கிறது. மூன்று எலக்ட்ரான்களை இழந்த இரும்புக்கு எலக்ட்ரான் பசி அதிகம். தன்னைக் கவ்வியிருக்கும் டானினிலேயே எலக்ட்ரான்கள் இருக்கின்றன. அங்கிருந்து இரும்புக்கு ஒன்று தாவ வேண்டுமானால் சிறிது ஆற்றல் வேண்டும். அந்த ஆற்றலை நம் கண்ணுக்குத் தெரியும் ஒளியிலிருந்தே அது எடுத்துக்கொள்கிறது. ஆரஞ்சும் சிவப்புமான ஒளி அங்கே விழுங்கப்பட்டுவிடுவதால் எழுத்து நீலம் ஓடிய கறுப்பாகத் தெரிகிறது.

எனக்கு இதில் அலுக்காத அதிசயம் இதுதான். கடுக்காய் நீரில் கறுப்பு இல்லை, ஆணித் தண்ணீரில் கறுப்பு இல்லை, காற்றில் நிச்சயமாக இல்லை. மூன்றும் சேர்ந்த இடத்தில், ஓர் எலக்ட்ரான் தாவுவதற்கு வழி பிறந்ததால் மட்டுமே கறுப்பு உண்டாகிறது. எழுத்து மெல்ல மெல்லக் கறுப்பதால், காற்று தன் வேலையைச் செய்வதைக் குழந்தைகள் கண்ணால் பார்க்கிறார்கள். வேறு எந்த எளிய சோதனை காற்றின் பங்கை இவ்வளவு நிதானமாகக் காட்டும்?

வாட்டர் கலர் கேள்விக்கும் இங்கே பதில் இருக்கிறது. பச்சை ஸ்கெட்ச் பேனாவால் வடிதாளின் அடிப்பகுதியில் ஒரு புள்ளி வைத்து, ஓரத்தை மட்டும் தண்ணீரில் தொடவிட்டால், நீர் மேலே ஏறும்போது பெரும்பாலான பேனாக்களின் பச்சை நீலமாகவும் மஞ்சளாகவும் பிரிந்துவிடும். இரண்டும் கலந்துதான் இருந்தன, எதுவும் மாறவில்லை. கடுக்காய் மையின் புள்ளியை அதேபோல் வைத்துப் பாருங்கள். பழைய வெளிர் மஞ்சளும் ஆணித் தண்ணீரும் தனித்தனியாகப் பிரிந்து வருவதில்லை. கறுப்பு கறுப்பாகவே நிற்கும். கலவைக்கும் வினைக்கும் உள்ள வேறுபாட்டை ஐந்தாம் வகுப்பில் இதைவிடத் தெளிவாகக் காட்ட எனக்கு வேறு வழி தெரியவில்லை.

அடுத்து எலுமிச்சை. கறுத்த எழுத்தின் மேல் ஒரு சொட்டு விட்டால் எழுத்து வெளுக்கும். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் டானினின் ஆக்சிஜன்களில் போய் உட்கார்ந்துகொள்ள, பிடி தளர்கிறது. சிட்ரிக் அமிலமோ இரும்பைத் தானே பிடித்துக்கொள்கிறது. வினிகர் தீரும் வரை காத்திருக்கச் சொன்னது இதனால்தான், அமிலம் அதிகம் மிச்சமிருந்தால் எழுத்து சரியாகக் கறுக்காது. வெளுத்த இடத்தில் சமையல் சோடாக் கரைசலைத் தொட்டுவைத்தால் கருமை திரும்பத் தொடங்கும். இந்த இடத்தில் சுண்ணாம்பு வேண்டாம். கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. சிறு குழந்தைகள் இருக்கும் வகுப்பில் சுண்ணாம்பு டப்பாவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

வீட்டில் இதைப் பார்த்திராத குழந்தை இருக்காது. இரும்புச் சட்டியில் நெல்லிக்காய் வேகவைத்தால் சட்டியும் காயும் கறுப்பதும் இதே வினைதான். ஊரின் பழைய தொழில்களும் இந்த வினையின் மேல்தான் நிற்கின்றன. காளஹஸ்தி ஒரு காலத்தில் வேலூரும் அடங்கிய வட ஆற்காடு மாவட்டத்தில் இருந்தது, 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது பிரிந்தது. அங்கே கலம்காரி என்ற துணி ஓவியம் வரைபவர்கள் துணியைக் கடுக்காயும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்தி, இரும்பையும் வெல்லத்தையும் நாள்கணக்கில் புளிக்கவைத்த நீரால் கோடு போடுவார்கள். கோடு துணியிலேயே கறுக்கும். நம் வகுப்புத் தாள் அந்தத் துணியின் சிறு வடிவம்.

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் ராணிப்பேட்டையிலும் தோல் பதனிட ஆவாரம்பட்டையையும் கடுக்காயையும் பயன்படுத்திய காலம் நீண்டது. டானின் தோலின் புரதத்தைப் பிணைத்து அழுகாமல் காக்கிறது. வாழைப்பூவை மென்றால் நாக்கு இழுப்பதும் டானின் எச்சிலின் புரதத்தைப் பிடிப்பதால்தான். அப்படிப் பதனிட்ட தோலில் இரும்புத் துருவும் ஈரமும் பட்டால் கறுப்புக் கறை விழும். பிறகு டானினுக்குப் பதிலாகக் குரோமியம் என்ற உலோகத்தின் உப்பு வந்தது, வாரக்கணக்கில் நடந்த வேலை ஓரிரு நாளில் முடிந்தது, பாலாறும் கிணறுகளும் கெட்டன. 1996இல் உச்ச நீதிமன்றம் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்தத் தீர்ப்பை இந்தப் பகுதிக் குழந்தைகள் ஒரு நாள் படிப்பார்கள். படிக்கும்போது தோலை ஓர் உலோக அயனி எப்படிப் பிடிக்கிறது என்ற புரிதல் அவர்களுக்கு முன்பே இருந்தால் நல்லது.

இந்தச் சோதனையைச் செய்ய இன்னொரு காரணமும் உண்டு. செம்பருத்திச் சாற்றைத் தடவிக் காயவைத்த கத்தியால் எலுமிச்சையை அறுத்து, "ரத்தம் வருகிறது, செய்வினை இருக்கிறது" என்று பணம் பறிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அமிலம் பட்டுச் செம்பருத்தியின் நிறமி சிவக்கிறது, அவ்வளவுதான். வெறும் தாளோடு கடுக்காய்த் தாளையும் வைத்து ஒப்பிட்டுப் பழகிய குழந்தை, "வேறு கத்தியால் அறுங்கள் பார்ப்போம்" என்று கேட்கும். அந்த ஒரு கேள்வி போதும், அவர்கள் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

2022இல் அரசு தொடங்கிய வானவில் மன்றம் 6 முதல் 8ஆம் வகுப்பு வரை சோதனைகளைப் பள்ளிக்கே கொண்டுசெல்கிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் 4, 5ஆம் வகுப்புகளை ஏன் விட வேண்டும்? எதற்கெடுத்தாலும் ஏன் என்று கேட்கும் வயது அதுதான். பெரிய ஆய்வுக்கூடங்களுக்கு ஒதுக்கும் பணத்தை நான் குறை சொல்லவில்லை. கடுக்காய், வினிகர், வடிதாள், கண்ணாடிக் குவளை ஆகியவற்றுக்குத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் கைக்காசு போடும் நிலை மாற வேண்டும். அதற்கென ஒரு தனித் தலைப்பில் ஆண்டுதோறும் சிறு தொகை ஒதுக்குவது அரசுக்குப் பாரமாக இருக்காது.

செய்து பார்க்கப்போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். எதையும் சுவைக்கக் கூடாது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆணித் தண்ணீரைப் பெரியவர்கள் மட்டும் ஊற்றிக்கொடுக்கட்டும். மை சீருடையில் பட்டால் உடனே எலுமிச்சைச் சாறு தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்து ஓரிரு நாள் ஆகிவிட்டால் அந்தக் கறை லேசில் போகாது. ஆகவே அன்றைக்கு எல்லோரும் பழைய சட்டை போட்டு வரட்டும்.