பெடலை விட்டதும் பிஸ்டனை உள்ளே இழுப்பது எது?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "என் பழைய ஆல்டோவுக்கு வீட்டிலேயே முன்சக்கர பிரேக் பேடும் டிஸ்கும் மாற்றினேன். அதிலிருந்து இடது சக்கரம் மட்டும் கொதிக்கிறது. பெடலை விட்டாலும் பிடி விடவில்லை. டிரம் பிரேக்கில் ஸ்பிரிங் இருக்கிறது. டிஸ்க் பிரேக்கில் திருப்பி இழுக்கும் ஸ்பிரிங் எங்கே?" 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது வண்டி தண்ணீரில் நின்றது என்று கடைசி வரியில் சேர்த்திருக்கிறார். அந்த வரிதான் எனக்கு வழி காட்டியது.

பாஸ்கல் விதி பள்ளியில் படித்ததுதான். பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் காலிப்பருக்குள், அதாவது டிஸ்கை இரண்டு பக்கமும் கவ்வி நிற்கும் பிடிக்குள், இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். பிஸ்டன் உள்பக்க பேடை, அதாவது உராய்வுக் கட்டையை, சக்கரத்தோடு சுற்றும் டிஸ்கின் மேல் அழுத்தும். அதன் எதிர்வினையாகக் காலிப்பரே இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப்பக்க பேடையும் இழுத்து அழுத்தும். பிஸ்டன் விட்டம் 48 மி.மீ., அழுத்தம் 50 பார் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 50 மடங்கு) என்று வைத்துக்கொண்டால் விசை சுமார் 9,000 நியூட்டன் வருகிறது. ஏறக்குறைய 900 கிலோ எடை. இவ்வளவு விசையோடு வெளியே வந்த பிஸ்டன், காலை எடுத்ததும் பின்வாங்கியாக வேண்டும்.

பின்வாங்க வைப்பது ஒரு ரப்பர் வளையம். காலிப்பரின் உள்சுவரில் வெட்டிய பள்ளத்துக்குள், பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக உட்கார்ந்திருக்கும் சீல் அது. ஆயில் கசியாமல் தடுப்பது மட்டும்தான் அதன் வேலை என்று பல மெக்கானிக்குகளே நினைக்கிறார்கள். வளையத்தை வெட்டிப் பார்த்தால் குறுக்குவெட்டு வட்டமாக இருக்காது, சதுரமாக இருக்கும். அங்கேதான் சூட்சுமம். பிஸ்டன் முன்னே நகரும்போது சீலின் வெளிப்புறம் பள்ளத்திலேயே நிற்கும். பிஸ்டனைப் பற்றியிருக்கும் உள்விளிம்பு மட்டும் கூடவே போகும். காலை ஊன்றியபடி உடம்பை மட்டும் முன்னால் சாய்க்கிறவரைப் போலச் சதுரம் சாய்சதுரமாகிறது. அழுத்தம் இறங்கியதும் ரப்பர் தன் பழைய வடிவத்துக்குத் திரும்பும், பிஸ்டனையும் இழுத்துக்கொண்டு வரும். இழுக்கும் தூரம் மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். டிஸ்க் உரசாமல் சுற்ற அதுவே போதும்.

எனக்கு இதைவிடப் பிடித்தது இதன் மறுபாதி. பேட் தேயத் தேய பிஸ்டன் இன்னும் கொஞ்சம் முன்னே வர வேண்டும். ரப்பர் சாயக்கூடிய எல்லையைத் தாண்டியதும் பிஸ்டன் அதற்குள் வழுக்கி முன்னே போகும். போய் நின்ற புது இடத்தைச் சீல் பற்றிக்கொள்ளும். அடுத்த முறை அங்கிருந்தே இழுக்கும். பேட் புதிதாக இருந்தாலும் தேய்ந்திருந்தாலும் இடைவெளி ஏறக்குறைய ஒன்றுதான்! திருகு இல்லை, நெம்புகோல் இல்லை, சென்சார் இல்லை. ஒரு ரப்பர் வளையமே சீலாகவும் ஸ்பிரிங்காகவும் தேய்மானத்தைச் சரிக்கட்டும் கருவியாகவும் வேலை செய்கிறது.

இப்போது வாசகரின் சக்கரத்துக்கு வருவோம். ஒரே பிஸ்டன் இரண்டு பேடின் தேய்மானத்தையும் ஈடுகட்ட வேண்டும். இரண்டும் தலா 7 மி.மீ. தேய்ந்திருந்தால் பிஸ்டன் 14 மி.மீ. வெளியே வந்திருக்கும். டிஸ்க் தேய்மானம் தனி. சீலைத் தாண்டி வெளியே நிற்கும் அந்தப் பகுதிக்கு மேலே மூடியிருக்கும் மெல்லிய ரப்பர் உறை மட்டுமே காப்பு. உறை கிழிந்திருந்தால் உப்புக்காற்றும் வெள்ளச் சேறும் நேராக பிஸ்டனில் படும். பிஸ்டன் பெரும்பாலும் குரோம் பூசிய எஃகுதான். பூச்சு எங்கே விட்டுப்போகிறதோ அங்கே துரு கிளம்பும். பழைய பேட் இருந்தவரை துருப்பிடித்த பகுதி சீலுக்கு வெளியே இருந்ததால் தொந்தரவு தெரியவில்லை. புது பேட் தடிமனானது. அதற்கு இடம் கொடுக்க பிஸ்டனை உள்ளே தள்ளியபோது அந்தத் துரு நேராகச் சீலுக்குள் போயிருக்கும். ரப்பர் இழுக்கும் விசை மிகச் சிறியது, சொரசொரப்பான பிஸ்டனை அதனால் நகர்த்த முடியாது. பேட்தான் மோசம் என்று தோன்றும். பேடின் மேல் தப்பே இருக்காது.

வெள்ளத்தில் நின்ற வண்டிக்கு ராசி போய்விட்டது என்று வந்த விலைக்கு விற்பவர்களைப் புதுச்சேரியிலும் பார்க்கிறேன். மனது கேட்கவில்லை. உறையும் சீலும் மாற்றினால் சரியாகக்கூடிய கோளாறு அதில் எத்தனையோ. காரைக்குடியில் இருக்கும் சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் கடலோர அரிமான (உலோகம் துருப்பிடித்து அரிபடுவது பற்றிய) ஆய்வு நிலையம் வைத்திருக்கிறது. அந்த மாதிரி ஆய்வுகளுக்கு அரசு தாராளமாக நிதி தர வேண்டும் என்பேன். கடற்கரை ஊர்களில் ஓடும் பழைய கார்களின் பிரேக்கும் அங்கே ஆராயத் தகுந்த பொருள்தான்.

சரி, செய்ய வேண்டியது. சமதரையில் வண்டியை நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியபின் கட்டாயம் ஸ்டாண்டு வையுங்கள். காலிப்பரை ஹோஸில் (பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயில்) தொங்கவிடாமல் கம்பியால் கட்டுங்கள். முதலில் இரண்டு பின்களும் கையால் தள்ளினால் நகர்கின்றனவா என்று பாருங்கள், இறுகியிருந்தாலும் பிடி விடாது. அவை சரியாக இருந்தால் உறையை விலக்கி பிஸ்டனைப் பாருங்கள். துருவோ குழியோ தெரிந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டாம். பிஸ்டனை மாற்றி, சீலும் உறையும் சேர்ந்த கிட் ஒன்று போடச் சொல்லுங்கள். சிஸ்டத்தைத் திறந்தால் காற்று புகுந்துவிடும், அதை வெளியேற்றத் தெரிந்தவர் கூட இருக்க வேண்டும். பழக்கம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மெக்கானிக்கிடமே விடுவது நல்லது. சீலில் இன்ஜின் ஆயிலோ சாதாரண கிரீஸோ படவே கூடாது, அந்த ரப்பர் ஊதிவிடும். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் எந்த டாட் எண் (டாட் 3, டாட் 4 என்பது போன்ற தர எண்) போட்டிருக்கிறதோ அந்த பிரேக் ஆயில்தான். அப்புறம், வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும்வரை பலமுறை மிதியுங்கள். உள்ளே தள்ளிய பிஸ்டன் பேடைத் தொடும்வரை முதல் சில மிதிகளில் பிரேக் பிடிக்காது.