இலையுதிர் காலத்தை ரசிக்கவும் ஒரு பழக்கம் வேண்டும்

செப்டம்பர் 22 அல்லது 23 வாக்கில் பகலும் இரவும் ஏறக்குறைய சமமாகின்றன. அதற்கப்புறம் பூமியின் வடபாதியில் பகல் நாளுக்கு நாள் சுருங்குகிறது. என்னிடம் மனநல ஆலோசனைக்கு வருகிறவர்களின் பேச்சும் அந்தச் சமயத்தில்தான் மாறத் தொடங்கும். “பெரிய பிரச்சினை எதுவும் இல்லை, ஆனால் எதிலும் ஒரு ருசி இல்லை” என்பார்கள். இந்த வாரம் எது நன்றாக இருந்தது என்று கேட்டால் பெரும்பாலும் “ஒன்றுமில்லை” என்றுதான் பதில் வரும்.

அந்தப் பதிலோடு நான் விடுவதில்லை. காலையில் வெளியே வந்ததும் காற்று எப்படி இருந்தது, வழியில் மரங்கள் எந்த நிறத்தில் இருந்தன என்று மெதுவாகக் கேட்பேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நடைபாதை முழுக்க மஞ்சளாக இலை கிடந்தது. அதன் மேல் நடந்துதான் வந்தேன். சத்தம் நன்றாக இருந்தது” என்பார்கள். நல்லது நடக்காமல் இல்லை. நடந்ததை மனம் வாங்கிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

இது யாருடைய தனிப்பட்ட குறையும் இல்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மாத்யூ கில்லிங்ஸ்வொர்த்தும் டேனியல் கில்பர்ட்டும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 2,250 பேரின் கைபேசிக்கு அவ்வப்போது கேள்வி அனுப்பி, அந்த நிமிடம் என்ன செய்கிறார்கள், மனம் எங்கே இருக்கிறது என்று விசாரித்தார்கள். 46.9 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் அவர்களின் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது.

சிகாகோ லயோலா பல்கலைக்கழக உளவியலாளர் ஃப்ரெட் பிரையன்ட் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவதும் இதையொட்டியதுதான். நல்ல அனுபவம் கிடைப்பது ஒன்று, அதை உணர்ந்து நீட்டித்து அனுபவிக்கும் திறன் இன்னொன்று. இரண்டாவதைப் பழகிக்கொள்ள முடியும். பழகுவதற்கு இலையுதிர் காலம் நல்ல பருவம், ஏனென்றால் இதில் மாற்றம் கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

கீழே கிடக்கும் ஓர் இலையை எடுத்துப் பாருங்கள். பல இலைகளில் நரம்பையொட்டி மட்டும் பச்சை மிச்சம் இருக்கும், நரம்புகளுக்கு இடையே மஞ்சள் பரவியிருக்கும். அந்த மஞ்சள் புதிதாக வந்ததில்லை. கோடை முழுக்க இலைக்குள்ளேயே இருந்தது, பச்சையம் அதை மறைத்திருந்தது. பகல் குறைந்து குளிர் ஏறும்போது மரம் பச்சையத்தைச் சிதைக்கிறது. நைட்ரஜன் போன்ற சத்துகளை இலையிலிருந்து உள்ளே இழுத்துக்கொள்கிறது. சிவப்பு மட்டும் வேறு கதை. அந்த நிறமியைப் பல மரங்கள் இந்தப் பருவத்தில்தான் புதிதாகத் தயாரிக்கின்றன. பகலில் நல்ல வெயிலும் இரவில் உறையாத குளிரும் இருக்கிற ஆண்டில் சிவப்பு அழுத்தமாக விழும். காம்பின் நுனியைத் தடவினால் பிய்ந்த தடம் இருக்காது. மரமே அங்கே ஓர் அடுக்கை உருவாக்கி, வழவழப்பாகப் பிரித்து அனுப்பியிருக்கிறது. கிளையில் அந்தக் காம்பு இருந்த இடத்துக்குச் சற்று மேலே அடுத்த வசந்தத்துக்கான மொட்டு ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும்.

இதைப் பார்க்க ஒரு நிமிடம் கூட ஆகாது. ஆனால் அந்த ஒரு நிமிடம் மனம் வேறெங்கும் போவதில்லை. ‘அழகாக இருக்கிறது’ என்று சொல்லிவிட்டுக் கடப்பதைவிட, எது அழகு என்று தேடிப் பார்ப்பது நெடுநேரம் நிற்கிறது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

வாசனைக்கும் கொஞ்சம் இடம் கொடுங்கள். மழை விட்டதும் நனைந்த சருகிலிருந்து வரும் அந்த மண்வாசம், மண்ணில் வாழும் நுண்ணுயிர்களின் வேலை. முகரும் உணர்வு மூளையில் உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புள்ளது. எப்போதோ மறந்த நாளொன்று திடீரென எழுந்து வரக் காரணம் இதுதான். வரட்டும், தடுக்க வேண்டாம்.

படம் எடுக்கலாமா என்று கேட்பார்கள். எடுக்கலாம், ஆனால் முதலில் பார்த்துவிட்டு எடுங்கள். உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தைச் சுற்றிப் பார்த்தவர்கள் வெறுமனே பார்த்த பொருட்களைவிடப் படமெடுத்த பொருட்களைக் குறைவாகவே நினைவில் வைத்திருந்தார்கள். ஒரு பகுதியை மட்டும் பெரிதாக்கிப் படமெடுத்தபோது அந்தக் குறைபாடு தெரியவில்லை. கவனித்து எடுக்கிற படம் நினைவைக் கெடுப்பதில்லை.

அப்புறம், ரசனையைக் கெடுக்கும் இரண்டு எண்ணங்களை அடிக்கடி கேட்கிறேன். முதலாவது, “இதெல்லாம் இன்னும் ரெண்டு வாரம்தான், அப்புறம் மொட்டை மரம்.” முடியப் போகிறது என்ற எண்ணத்தைத் துரத்த வேண்டியதில்லை, அதைத் திருப்பிப் பயன்படுத்தலாம். உளவியலாளர் ஜேமி குர்ட்ஸ் 2008இல் வெளியிட்ட ஆய்வில், படிப்பு முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கிறது என்று நினைவூட்டப்பட்ட மாணவர்கள், நிறைய நாள் இருக்கிறது என்று நினைத்தவர்களைவிட மீதி நாட்களைக் கூடுதலாக அனுபவித்தார்கள். இரண்டு வாரம்தான் என்றால், இன்றைக்கே போய்ப் பார்க்க அதுவே காரணம்.

இரண்டாவது எண்ணம் இன்னும் ஆழமானது. வீட்டில் நோயாளி இருக்கும்போது, கடன் இருக்கும்போது, யாரையோ இழந்திருக்கும்போது, இலையைப் பார்த்து மகிழ்வது தப்பு என்ற குற்ற உணர்வு. படுக்கையில் இருக்கும் தாயை மாதக்கணக்காகப் பார்த்துக்கொள்கிற மகளிடம் ரசிப்பது பற்றிப் பேசினால் சில சமயம் கோபம் வரும், அந்தக் கோபம் நியாயமானது. ரசித்தால் கஷ்டம் தீரும் என்று நான் சொல்வதில்லை. சொல்கிறவர்களையும் எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் துக்கமும் ஒரு சின்ன சந்தோஷமும் ஒரே மதியத்தில் ஒரே மனதில் இருக்க முடியும். ஜன்னலைத் திறந்து சாய்வெயிலில் ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அம்மாவுக்குத் துரோகம் செய்ததாகிவிடாது. கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்த முடிந்தால் அந்த வெயில் அம்மாவுக்கும் சேர்ந்து கிடைக்கும்.

இவ்வளவு சொன்ன பிறகு முக்கியமான ஒன்றையும் சொல்லியாக வேண்டும். சிலருக்கு எவ்வளவு முயன்றாலும் ரசிக்க வராது. முன்பு பிடித்த எதுவும் பிடிக்காமல் போவது மனச்சோர்வு நோயின் முதன்மையான அறிகுறிகளில் ஒன்று. அவர்களிடம் ‘சின்னச் சின்ன சந்தோஷங்களைக் கவனி’ என்பது காலொடிந்தவரை நடக்கச் சொல்வது போல. இலையுதிர் காலத்தில் தொடங்கி வசந்தத்தில் விலகும் பருவகால மனச்சோர்வை 1984இல் மனநல மருத்துவர் நார்மன் ரோசந்தால் குழுவினர் விவரித்தார்கள். எவ்வளவு தூங்கினாலும் போதாமை, மாவுப்பண்டங்கள் மேல் அடங்காத ஆசை, எடை கூடுவது, கைகால் கனப்பது, ஆட்களைத் தவிர்ப்பது எல்லாம் இதில் சாதாரணம். ஆண்டுதோறும் இதே பருவத்தில் இது திரும்பி வந்தால், அல்லது இந்த நிலை இரண்டு வாரத்துக்கு மேல் தினமும் நீடித்தால், மருத்துவரைப் பாருங்கள். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் வந்தால் ஒரு நாள் கூடக் காத்திருக்காதீர்கள்.

இதற்குச் சிகிச்சை உண்டு, பலன் தருவதும் உண்டு. வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் கெல்லி ரோஹன் குழுவினர் 177 பேரிடம், பிரகாசமான விளக்கின் முன் உட்காரவைக்கும் ஒளிச் சிகிச்சையையும், பருவகால மனச்சோர்வுக்கென்று வடிவமைத்த பேச்சு வழிச் சிகிச்சையையும் ஒப்பிட்டார்கள். ஆறு வாரத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு உதவின. சிகிச்சைக்குப் பிறகு வந்த இரண்டாவது குளிர்காலத்தில் நோய் திரும்பியவர்கள் ஒளிச் சிகிச்சைப் பிரிவில் 45.6 சதவீதம், பேச்சு வழிப் பிரிவில் 27.3 சதவீதம். குளிர் நாட்களில் மகிழ்ச்சி தரும் செயல்களைத் திட்டமிட்டுச் செய்வதும் அந்தப் பேச்சு வழிச் சிகிச்சையின் ஒரு பகுதி.

நோய் இல்லாதவர்களுக்கும் காலை வெளிச்சம் நல்லது. மேகம் மூடிய நாளிலும் வெளியே இருக்கும் வெளிச்சம் வீட்டு விளக்கைவிடப் பல மடங்கு அதிகம். ஆகவே நடப்பதாக இருந்தால் காலையில் நடங்கள். ஒளிச் சிகிச்சைக்கான 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) விளக்கை மட்டும் நீங்களாகவே வாங்கி ஆரம்பிக்காதீர்கள். மனநிலை உச்சத்துக்கும் சோர்வுக்கும் மாறிமாறிப் போகும் இருமுனை மனநிலைக் கோளாறு உள்ளவர்களுக்கு அது மிதமிஞ்சிய மன எழுச்சியைக் கிளப்பிவிடலாம். விழித்திரை நோய் உள்ளவர்களும், உடலை வெளிச்சத்துக்குக் கூசச் செய்யும் மருந்துகளைச் சாப்பிடுகிறவர்களும் முதலில் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.