பிலினா: செடிக்கும் பாட்டுக்கும் ஒரே பெயர்

செக் மொழியில் 'பிலினா' என்றால் மூலிகை. தாவரவியலில், தண்டு மரம்போல் முற்றாத செடி. ரஷ்ய மொழியில் அதுவே பாட்டு. கீவ் மன்னர் விளாதிமிரின் காலத்து வீரர்களான இல்யா முரொமெத்ஸ், தொப்ரின்யா நிகீதிச் போன்றவர்களைப் பற்றி, வடக்கு ரஷ்யாவின் உழவர்களும் மீனவர்களும் தலைமுறை தலைமுறையாக வாய்மொழியாகவே பாடிவந்த நெடுங்கதை.

இரண்டுக்கும் வேர் ஒன்றே. 'இரு' என்று பொருள்படும் ஸ்லாவிய வினைச்சொல் அது. இன்னும் பின்னால் போனால் 'ஆதல், வளர்தல்' என்ற பொருள் வரும். வளர்ந்தது செடியானது, நடந்தது கதையானது. 'செடி' என்பதற்கான கிரேக்கச் சொல் ஃபிட்டோனும், வடமொழி வழியாக நமக்கு வந்த பூமி, பூதம் ஆகியவையும் இதே குடும்பம்தான். ரஷ்ய மொழியிலும் செடிப் பொருள் அழிந்துவிடவில்லை. ஒற்றைப் புல்லுக்கு அங்கே 'பிலின்கா' என்று பெயர்.

ஆனால் பாடியவர்கள் இதை பிலினா என்று சொன்னதில்லை. அவர்களுக்கு இது 'ஸ்தாரினா', அதாவது பழங்கதை. பிலினா என்ற பெயரைப் பரப்பியவர் 1830களில் நாட்டார் பாடல்களைத் தொகுத்த இவான் சாகரவ்.

பாட்டு உயிரோடு இருப்பதை வெளியுலகுக்குக் காட்டியவர் பாவெல் ரிப்னிகவ். வடக்கு ரஷ்யாவுக்கு நாடுகடத்தப்பட்டிருந்த அவர், 1860இல் ஒனேகா ஏரித் தீவொன்றில் நெருப்போரம் தூங்கிக்கொண்டிருந்தபோது ஒரு பாட்டுச் சத்தம் கேட்டு விழித்தார். ஒரு முதியவர் சாத்கோ என்ற வணிகனின் கதையைப் பாடிக்கொண்டிருந்தார். அப்புறம் 1871இல் அதே வட்டாரத்துக்குப் போன ஹில்ஃபெர்திங் என்ற ஸ்லாவிய மொழி அறிஞர் ஒன்றைக் கவனித்தார். பாடகரைப் பாடாமல் வரிவரியாகச் சொல்லச் சொன்னால் யாப்பு குலைந்துவிடுகிறது. பாடினால் சீராக வருகிறது. அதனால் பாடும்போதே எழுதிக்கொண்டார்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? செடிக்கு, மருந்துப் பயன் இருந்தால் மூலிகை. தாவரவியல் பொருளுக்குப் பூண்டு. இன்று பூண்டு என்றதும் வெள்ளைப்பூண்டுதான் நினைவுக்கு வரும் என்றாலும், 'புல் பூண்டு' என்ற வழக்கில் பழைய பொருள் இன்னும் இருக்கிறது.

பாட்டுக்குக் 'காப்பியம்' என்று போடுவதை நான் ஏற்கமாட்டேன். அது புலவர் எழுதிய நூலை நினைவூட்டும். 'வீரகதைப்பாடல்' இல்யாவுக்குச் சரி. ஆனால் சாத்கோ வாளெடுத்தவன் இல்லை. கூஸ்லி என்ற நரம்புக்கருவியை மீட்டியே கடலரசனை ஆடவைத்தவன். அவனையும் சேர்த்துக்கொள்ள 'வாய்மொழிக் கதைப்பாடல்' என்பதே பொருத்தம்.