டீசல் இருந்தும் இருள்

அணுமின் நிலையத்தில் டீசல் ஜெனரேட்டர் எதற்கு என்று வியப்பவர்கள் உண்டு. ஊருக்கே மின்சாரம் அனுப்பும் இடம் தனக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளக் கூடாதா? உலை ஓடும்வரை எடுத்துக்கொள்ளத்தான் செய்கிறது. சிக்கல் உலை நின்ற பிறகுதான்.

கட்டுப்பாட்டுத் தண்டுகள் இறங்கிய சில நொடிகளில் யுரேனியம் பிளவுபடுவது அடங்கிவிடும். வெப்பம் அடங்காது. ஏற்கெனவே பிளந்து உண்டான துணுக்குகள் கதிரியக்கத்தால் சிதைந்தபடி சூட்டைக் கக்கிக்கொண்டே இருக்கும். நிறுத்திய கணத்தில் அது முழுத்திறனில் 6, 7 சதவீதம். 1000 மெகாவாட் மின்சாரம் தரும் உலை ஏறக்குறைய 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்குவது. ஆக, நின்றுபோன உலையில் 200 மெகாவாட் மிச்சம். ஒரு நாள் கழித்தும் அரை சதவீத அளவுக்கு இருக்கும். எரிபொருளை உருக்க அது போதும்.

இதை வெளியேற்றப் பம்புகள் சுற்ற வேண்டும். சொந்த ஜெனரேட்டர் நின்றுவிட்டது. எனவே வெளியிலிருந்து மின்சாரம் வர வேண்டும். அதுவும் அறுந்தால் டீசல் ஜெனரேட்டர்கள் பத்துப் பதினைந்து நொடிகளில் வேகம் பிடிக்கும். அளவுமானிகளையும் கட்டுப்பாட்டுக் கருவிகளையும் பேட்டரிகள் தாங்கிக்கொள்ளும். ஒன்று போனால் இன்னொன்று. கேட்க நிம்மதியாகத்தான் இருக்கிறது.

உத்தரப் பிரதேசத்தில் கங்கைக் கரையிலுள்ள நரோரா அணுமின் நிலையத்தில் அந்த நிம்மதி கலைந்தது. 1993 மார்ச் 31, அதிகாலை மூன்றரை மணி. முதல் அலகின் டர்பைனில் இரண்டு இறக்கைகள் முறிந்தன. சமநிலை இழந்த எந்திரம் அதிர்ந்த அதிர்ச்சியில், ஜெனரேட்டரைக் குளிர்விக்கும் ஹைட்ரஜன் கசிந்து பற்றிக்கொண்டது. எண்ணெயும் சேர்ந்து எரிந்தது. பணியில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்துக்குள் உலையை நிறுத்திவிட்டார்கள். ஆனால் தீ கேபிள்களின் வழியே நடந்துபோனது. பிரதான மின்சாரத்துக்கான கேபிள்களும் மாற்று மின்சாரத்துக்கான கேபிள்களும் ஒரே பாதையில், நடுவே தீத்தடுப்பு எதுவும் இல்லாமல் போடப்பட்டிருந்தன. இரண்டும் ஒன்றாகவே எரிந்தன. சில நிமிடங்களில் நிலையம் முழுவதும் இருண்டது. புகை சூழ்ந்த கட்டுப்பாட்டு அறையை விட்டு ஊழியர்கள் வெளியேற வேண்டியதாயிற்று.

மின்சாரம் திரும்ப 17 மணி நேரம் ஆனது. அதுவரை உலையைக் காத்தவை மின்சாரம் வேண்டாத பழைய உபாயங்கள். தீயணைப்புக்கென்று வைத்திருந்த, டீசலில் தாமே ஓடும் பம்புகள், உலையின் சூட்டில் தண்ணீரை நீராவியாக்கும் கலன்களுக்குள் தண்ணீரைத் தள்ளின. உலையைக் குளிர்விக்கும் கனநீரில் சூடானது மேலேறி, குளிர்ந்தது கீழிறங்கி, பம்பு இல்லாமலே சுற்றியது. உலை குளிரக் குளிரப் பிளவுவினை மறுபடி தலைதூக்கிவிடக் கூடாதே என்று, சிலர் டார்ச் விளக்குடன் உலைக் கட்டடத்தின் மேலேறி, பிளவுவினையை அடக்கும் போரான் கரைசலின் வால்வுகளைக் கையால் திறந்துவிட்டார்கள். கதிரியக்கம் வெளியேறவில்லை. இந்திய அணுமின் வரலாற்றில் இதைவிட நெருக்கடியான இரவை நான் அறியேன். நம்மில் பலருக்கு அந்த ஊரின் பெயர்கூடத் தெரியாது.

நரோராவிலாவது தீ கண்ணுக்குத் தெரிந்தது. ஸ்வீடனின் ஃபோர்ஸ்மார்க் நிலையத்தில் 2006 ஜூலை 25 அன்று எதுவும் எரியவில்லை. வெளியே, நிலையத்தை மின்தொகுப்போடு இணைக்கும் 400 கிலோவோல்ட் மின்முற்றத்தில் ஒரு குறுக்குச்சுற்று (ஷார்ட் சர்க்யூட்). மின்னழுத்தம் தாழ்ந்து, பிறகு எகிறியது. அந்த எகிறலில் நான்கு யூ.பி.எஸ். அமைப்புகளில் இரண்டு செயலிழந்தன. நான்கு டீசல்களும் ஒழுங்காகவே கிளம்பின. ஆனால் அவற்றில் இரண்டு மின்தடத்தோடு இணையவே இல்லை. எந்திரம் போதிய வேகத்தில் சுற்றுகிறதா என்று அளந்து சொல்லும் கருவிக்கு மின்சாரம் அதே யூ.பி.எஸ்.ஸிலிருந்து வந்தது! மின்சாரம் கொடுக்க வந்தவனிடம் முதலில் மின்சாரம் கேட்ட கதை. கட்டுப்பாட்டு அறையில் சில திரைகளும் அணைந்திருந்தன. ஊழியர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு கையால் இணைத்தபோது இருபது நிமிடங்களுக்கு மேல் கடந்திருந்தது. மற்ற இரண்டு டீசல்கள் அதுவரை தாங்கின. நான்கும் ஒரே வகை யூ.பி.எஸ்.தான். இரண்டை வீழ்த்திய அதிர்ச்சி மற்ற இரண்டையும் வீழ்த்தியிருக்க முடியும்.

ஜெனரேட்டர் எத்தனை என்று எல்லோரும் எண்ணுகிறார்கள். அதிலிருந்து பம்பு வரையுள்ள கம்பி, பலகை, பொத்தான், அளவுமானி ஆகியவற்றில் எவை பொது என்று எண்ணுவதுதான் கடினம். 2011 மார்ச் 11 அன்று ஜப்பானின் ஃபுகுஷிமா டாய்ச்சி அணுமின் நிலையத்தை விழுங்கிய சுனாமியைப் பற்றிப் பேசும்போது, தாழ்வில் இருந்த டீசல்கள் மூழ்கின என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். அங்கிருந்த 13 டீசல்களில் மூன்று, கடல்நீரை நம்பாமல் காற்றால் குளிர்பவை. அவை மூன்றும் சேதமின்றித் தப்பின. இரண்டாம், நான்காம் உலைகளுக்கான இரண்டும் பயன்படாமல் போனதற்குக் காரணம், அவற்றின் மின்சாரம் கடந்துபோக வேண்டிய மின்பலகைகள் வெள்ளத்தில் கிடந்ததுதான். ஆறாம் உலைக்கான மூன்றாவது டீசலுக்கு மின்பலகையும் பிழைத்திருந்தது. அந்த ஒன்றிலிருந்து ஐந்தாம் உலைக்கும் கம்பி இழுத்தார்கள். ஐந்தும் ஆறும் உருகவில்லை.